அரிப்புக்கு எத்தனை மார்க்

அன்று காலை என் மகள் யாழினி சொறியவில்லை. அதுதான் முதலில் என் கவனத்தில் பட்டது.

அவளுக்கு எட்டு வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் கரப்பான் வந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு என்று இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. எங்கள் வீட்டில் கண் விழித்ததும் கேட்கிற முதல் சத்தம் அவள் சொறிகிற சத்தம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இல்லை. பாயில் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் விரித்து வைத்திருந்தாள். முகத்தில், கழுத்தில், இடது கண்ணைச் சுற்றி ஒரே அளவில் கொப்புளங்கள். உடைந்தவை ஆணியால் குத்தி எடுத்ததுபோல் சின்னச் சின்னக் குழிகளாக இருந்தன. உடம்பு கொதித்தது.

"அரிக்குதா ஆத்தா?"

"இல்லப்பா."

"வலிக்குதா?"

"இல்லப்பா."

கழுத்தருகே விரல் நுனியால் லேசாகத் தொட்டேன். மொத்த உடம்பும் ஒரு துள்ளு துள்ளியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நான் கட்டுமாவடியில் ஏலத்தில் மீன் எடுத்து அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் விற்கிறவன். சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி இருக்கிறது. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். நோயைப் பற்றி எழுதுகிற தகுதி எனக்கு இதற்கு மேல் கிடையாது. ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களுடைய அப்பா அம்மா யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவி செல்வி கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து பார்த்தாள். மகன் பிறந்து அப்போது இரண்டு மாதம்கூட முடியவில்லை. அவள் அடுத்த தெருவில் இருக்கும் தன் பெரியம்மாவுக்குப் போன் செய்ய, அவர் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்தார். வாசலில் நின்றே பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாரியாத்தா வந்திருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது. ஊசி கீசி போட்டுப்புடாதீங்க, உள்ள எறங்கிரும்."

"பெரியம்மா, எனக்கும் சின்ன வயசுல அம்மை போட்டுச்சு. அரிச்சுக் கொன்னுச்சு. இவ சொறியவே இல்லையே. தொட்டா துள்ளுறா."

"ஆளுக்கு ஆள் வேற மாதிரி வரும் தம்பி."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கி நின்றாள். "ஒருநா பொறுத்துப் பாப்போங்க. கைப்பிள்ளை இருக்கிற வீடு. சாமி குத்தம் ஆயிரக் கூடாது."

"ஒருநா கழிச்சு அந்தக் கண்ணு என்னாகும்?"

இடது இமை அதற்குள் பாதி மூடி வீங்கியிருந்தது. பெரியம்மாவின் கையிலிருந்த வேப்பிலையை வாங்கிக்கொண்டேன். "ஆத்தாளையும் கூட்டிக்கிட்டே போறேன், கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லி வண்டியின் முன்பக்கம் அதைச் செருகி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். செல்வி ஒரு வெள்ளை வேட்டியை மடித்து அவளுக்குப் பின்னால் வைத்தாள். பெரியம்மா விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தார்.

நாகுடி தாண்டும்வரை ரோடெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதிக்கும்போது அவள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது.

அறந்தாங்கியில் ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரர். அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டார்ச் அடித்துக் கண்ணைச் சுற்றிப் பார்த்தார்.

"கரப்பான் ரொம்ப நாளா இருக்கா?"

"பொறந்ததுலேர்ந்துன்னு வச்சுக்கங்க சார்."

"இது அம்மையாத் தெரியலை. கரப்பான் இருக்கிற தோல்ல வேற ஒரு கிருமி ஏறியிருக்கு. கண்ணுக்குக் கிட்ட வந்துருச்சு பாருங்க. இங்க வச்சுப் பாக்க வேணாம், புதுக்கோட்டைக்கு அனுப்புறேன். நீங்க வண்டி ஓட்டாதீங்க, ஆம்புலன்ஸ்ல போங்க."

"கண்ணுக்கு ஏதும் ஆயிருமா சார்?"

"சீக்கிரம் போனா காப்பாத்தலாம்."

காப்பாத்தலாம் என்ற அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. காப்பாற்ற வேண்டிய நிலைமையா இது என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் அவள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு மீன் யாரு எடுப்பா?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. பிள்ளைக்குத் துணை அம்மாதான். ஆனால் யாழினிக்கு ஒட்டுகிற நோய் என்று வார்டின் கடைசியில் தனி அறை கொடுத்துவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை என்று சொன்னதும் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பாத்துக்குவீங்களா? ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம்?" என்றார். "பாத்துக்குவேன் சிஸ்டர்" என்றேன்.

தோல் டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மெதுவாகப் பேசுவார். உடைந்த கொப்புளத்தில் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவுக்குக் காத்திராமல் அப்போதே டிரிப்ஸில் மருந்து ஏற்றச் சொன்னார். பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினார்.

கரப்பானை அவர்கள் எக்ஸிமா என்கிறார்கள். தோல் ஒரு மதில் மாதிரி என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு மதிலில் பூச்சு சரியாக இருக்காது. ஈரம் வெளியே போய்விடும், வெளியில் இருப்பது உள்ளே வந்துவிடும். அதனால்தான் வறட்சி, அரிப்பு, சொறிந்த புண். அந்தப் புண் வழியாக ஒரு வைரஸ் உள்ளே போய்ப் பரவியிருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு பெரியவர்களுக்கு உதட்டோரத்தில் கொப்புளம் போடுமே, அதே வைரஸ். நமக்கு உதட்டோடு போய்விடுவது, கரப்பான் உள்ள பிள்ளைக்கு உடம்பெல்லாம் ஓடும். கண்ணுக்குள் போனால் பார்வை கெடலாம்.

அவர் பேசப் பேச என் நாக்கு தானாக உதட்டோரத்துக்குப் போனது. முந்தின வாரம்தான் எனக்குக் காய்ச்சல் அடித்துக் கொப்புளம் போட்டிருந்தது. பொருக்கு இன்னும் உதிரவில்லை. டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குடுத்தேனா மேடம்?"

"இருக்கலாம். பள்ளிக்கூடத்துலேர்ந்தும் வந்திருக்கலாம். பிள்ளைக்கு முத்தம் குடுக்காத அப்பா யாரு? இப்ப அதைப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்களே, எத்தனை மாசம்?"

"ரெண்டு மாசம் முடியலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவ்வளவு சின்னக் குழந்தைக்கு இது வந்தா ஆபத்து. வந்துருச்சுன்னு சொல்லலை. ஆனா ஒடம்பு சுட்டாலோ, பால் குடிக்காம சோந்து போனாலோ, எங்கயாவது ஒரு கொப்புளம் தெரிஞ்சாலோ, ஒடனே தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்க இந்தப் பொருக்கு உதிர்ற வரைக்கும் அவனைத் தொட வேணாம்."

வராந்தாவுக்கு வந்து செல்விக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"யாழினியைத்தான் அவன்கிட்டயே விடலையே," என்றாள். "நீங்கதாங்க நேத்து வந்ததும் வராததுமா அவன் கன்னத்துல முத்தம் குடுத்தீங்க."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை கண் டாக்டரிடம் கொண்டுபோனோம். இமை முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய சீழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துத் திறந்தார்கள். கண்ணில் ஒரு மஞ்சள் சாயம் விட்டு, அறையை இருட்டாக்கி, நீல வெளிச்சத்தில் பார்க்கிற சோதனை அது. கருவிழியில் புண் இருந்தால் அந்த இடத்தில் சாயம் தேங்கிப் பச்சையாக மின்னுமாம். யாழினி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். தாடையை அந்தக் கருவியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும்.

"வலிச்சா சொல்லும்மா," என்றார் கண் டாக்டர்.

"வலிக்கல," என்றாள். அவளுடைய நகங்கள் என் முன்கையில் இறங்கிக்கொண்டிருந்தன.

அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் எனக்குப் புரியாமல் பேசிக்கொண்டார்கள். நான் என் மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடிக்குள்ளேகூடக் கொப்புளங்கள்.

"இமையோட நிக்குது," என்றார் கடைசியில். "உள்ள போகலை. ஆனா நாளைக்கும் பாக்கணும். தினம் பாக்கணும்."

அப்படித் தினமும் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் கொப்புளம் குறையவில்லை, கூடியது. முதுகில் புதிதாக வந்தது. காய்ச்சல் இறங்கி ஏறியது. மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் புதிய கொப்புளம் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அதெல்லாம் மறந்துபோகும்.

இதற்கு நடுவில்தான் செல்வியின் போன் வந்தது. மத்தியானச் சாப்பாடு வாங்க வரிசையில் நின்றிருந்தேன்.

"சின்னவனுக்கு ஒடம்பு சுடுதுங்க."

"பால் குடிச்சானா?"

"காலையிலேர்ந்து சரியாவே குடிக்கல."

பாத்திரத்தை வரிசையில் முன்னால் நின்ற அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளை இங்கே டிரிப்ஸில் இருக்கிறாள், இன்னொருவன் அங்கே. வார்டில் தோல் டாக்டர் என் போனை வாங்கி நேராகச் செல்வியிடம் பேசினார். "பயப்படாம கேளுங்கம்மா. உடம்புல கொப்புளம் ஏதாவது இருக்கா? அழுதா சத்தமா அழுறானா? சரி, ஒடனே கெளம்பி இங்க வாங்க." எந்தப் பெரியம்மா அம்மை என்று சொன்னாரோ அவரே ஒரு காரைப் பிடித்து, குழந்தையையும் செல்வியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவன் மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாராம்.

யாழினி இருக்கும் கட்டடத்துக்கு அவர்களை வரவிடவில்லை. கைக்குழந்தைகளுக்கான பிரிவில் ரத்தம் எடுத்தார்கள், இரவெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். நானும் அவன் அருகே போகக் கூடாது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதன் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்வி. மூக்கையும் வாயையும் மூடிய துணிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. பெரியம்மா நடுவில் வந்து நின்று, "ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தா என்ன ஆகப்போகுது? நீ அங்கிட்டுப் போயி பிள்ளையைப் பாரு தம்பி, இங்கிட்டு நான் இருக்கேன்ல" என்று என்னை விரட்டினார்.

காலையில் சொன்னார்கள். சாதாரணச் சளிக் காய்ச்சல். அந்த வைரஸுக்கான அறிகுறி இல்லை. நன்றாகப் பால் குடிக்கிறான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு யாழினிக்கும் இறங்கத் தொடங்கியது. புதிய கொப்புளம் நின்றது. பழையவை பொருக்காகிக் காய்ந்தன. இமை திறந்தது. இருட்டறைக்கு இனி தினமும் வர வேண்டாம், கருவிழி சுத்தமாக இருக்கிறது என்று கண் டாக்டர் சொன்ன அன்று மாலை தோல் டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்பதான் உன் கரப்பானைப் பாக்கப்போறேன்," என்றார் யாழினியிடம். "இவ்வளவு நாளும் விருந்தாளியைத்தான் விரட்டிக்கிட்டு இருந்தோம்."

கரப்பானை அளப்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, சர்க்கரைக்கு ரத்தச் சோதனை உண்டு. அரிப்பை எதில் அளப்பது? அவர் செய்து காட்டினார். பிள்ளையின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்தால் அது அவள் உடம்பில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. அப்படி எத்தனை கை அளவுக்குக் கரப்பான் பரவியிருக்கிறது என்று முதலில் கணக்கிடுகிறார்கள். பிறகு தலை, கை, உடம்பு, கால் என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். சிவப்பு எவ்வளவு, தோல் எவ்வளவு தடித்திருக்கிறது, சொறிந்த கீறல் எவ்வளவு, நாள்பட்ட சொறியால் எருமைத் தோல் மாதிரி வரிவரியாக ஆகியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லாம் சேர்த்து வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "கடுமைங்கிற வரிசையில வருது" என்றார்.

"இது நான் கண்ணால பாத்துப் போட்டது. இனிமே இவ சொல்லிப் போடணும்." யாழினியின் பக்கம் திரும்பினார். "போன ஒரு வாரம் நீ ஆஸ்பத்திரியில இருந்துட்ட. அதனால அதுக்கு முந்தின வாரத்தை நெனச்சுச் சொல்லு. பத்துக் கேள்வி. ரொம்ப ரொம்ப, ரொம்ப, கொஞ்சம், இல்லவே இல்ல. இந்த நாலுல ஒண்ணு. சரியா?"

"இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டாள் மகள்.

"உண்டு. மொத்தம் முப்பது. ஆனா இதுல பெயில் கெடையாது."

கேள்விகள் நோயைப் பற்றியவை அல்ல, அவள் வாழ்க்கையைப் பற்றியவை. அரிப்பு, வலி எவ்வளவு இருந்தது? தோலை நினைத்து வெட்கமாக, வருத்தமாக இருந்ததா? சிநேகிதர்களோடு சேர்வதைக் கெடுத்ததா? பிடித்த உடுப்பைப் போடாமல் இருந்தாயா? விளையாட்டு? தண்ணீரில் குளிப்பது, நீந்துவது? பள்ளிக்கூடம்? யாராவது பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்களா, ஒதுக்கினார்களா? தூக்கம்? மருந்து போடுவது தொந்தரவாக இருந்ததா?

யாழினி பத்துக்கும் ஒரே பதில் சொன்னாள். "இல்லவே இல்ல."

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டார். "அப்பா என்ன சொல்றீங்க? அரிப்பு பத்துக்கு எத்தனை இருக்கும்?"

"அஞ்சு இருக்கும் மேடம். பழகிப்போச்சு அவளுக்கு. தொந்தரவு பண்ண மாட்டா, நல்ல பிள்ளை."

"நான் பாத்தது கடுமைன்னு சொல்லுது. இவ பூஜ்யம்னு சொல்றா. ரெண்டும் இவ்வளவு தூரம் விலகி நின்னா எங்கயோ ஏதோ இருக்கு." குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். பிறகு, "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்," என்றார்.

போனேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அறைக் கதவு திறந்திருந்தது. மகள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் கையில் எண்ணெய்ப் பசையான களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படியே நிற்கும்படி கண்ணால் சொன்னார்.

"அரிக்குதுன்னு சொன்னா என்ன ஆகும்? சும்மா சொல்லு."

"நிறுத்திருவாங்க."

"எதை?"

"எதையாச்சும்."

"ஒண்ணு சொல்லு."

"மீன். மொதல்ல மீனை நிறுத்தினாங்க. அப்புறம் கருவாடு. முட்டை. கத்திரிக்கா. வேர்க்கடல. எல்லாம் கரப்பான் பண்டமாம்." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள். "கடல்ல எறங்கக் கூடாதுன்னாங்க. வெயில்ல வெளையாடக் கூடாது. பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட அப்பா சொன்னாங்க, டீச்சர் என்னைய மட்டும் தனியா உக்கார வச்சுட்டாங்க. ஆண்டு விழாவுல டான்ஸ் இருந்துச்சு. டிரஸ் குத்தி அரிச்சுச்சுன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"அப்புறம்?"

"தம்பி பொறந்தான். அவனுக்கு ஒட்டிக்கும், தூக்கக் கூடாதுன்னாங்க. அம்மா பக்கத்துல படுக்கக் கூடாது."

"கரப்பான் ஒட்டாதும்மா. இப்ப வந்த கொப்புளம் ஒட்டும், அது காஞ்சு போயிரும். கரப்பான் யாருக்கும் ஒட்டாது."

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியாது. இன்னும் என்னாச்சும் சொன்னா பள்ளிக்கூடத்தையும் நிறுத்திருவாங்கள்ல? அதான் சொல்றதில்ல."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஒவ்வொன்றையும் நாங்கள் அவள் நன்மைக்காகத்தான் நிறுத்தினோம். யாரோ சொல்ல ஒன்று, எங்கோ கேட்டு ஒன்று. அவள் அரிக்கிறது என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டே வந்ததை, நோய் குறைகிறது என்று எடுத்துக்கொண்டோம்.

உள்ளே போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவளுக்கு நான் கேட்டுவிட்டேன் என்பது புரிந்தது. பயந்து டாக்டரைப் பார்த்தாள்.

"எதையும் நிறுத்த மாட்டேன்த்தா," என்றேன். "சத்தியமா."

டாக்டர் என்னிடம் வரிசையாகக் கேட்டார். மீன் சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு வந்திருக்கிறதா? வாந்தி? மூச்சு இழுப்பு? உதடு வீக்கம்? எதற்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. முட்டைக்கும் அப்படியே. சில பிள்ளைகளுக்குச் சில உணவு உண்மையிலேயே ஒவ்வாது, அதைச் சோதித்து அறிய வழி இருக்கிறது, சந்தேகத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை தேயும் என்றார். அவளுடைய எடை வயதுக்கு எவ்வளவு குறைவு என்று வரைபடத்தில் காட்டினார். மீன் வியாபாரி வீட்டுப் பிள்ளை இருக்க வேண்டிய கோட்டுக்குக் கீழே நின்றாள்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றியும் பேசினோம். முன்பு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததை, தோல் மெலிந்துவிடும் என்று யாரோ சொன்னதால் இரண்டு நாள் போட்டுத் தூக்கிப் போட்டிருந்தோம். பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால், அது பெரியவர் கையால், விரல்களோடு சேர்த்து, இரண்டு உள்ளங்கை இடத்துக்கு. அந்த அளவோடு, சொன்ன நாள் வரைக்கும், சொன்ன இடத்தில் மட்டும். ஈரம் காக்கும் களிம்பு மட்டும் தினமும், தாராளமாக, குளித்துத் துவட்டியதும். "அளவு தெரிஞ்சா பயம் போயிரும்," என்றார்.

மருந்துக்கு அங்கே செலவில்லை. நான் வராத நாட்களில் மீன் வியாபாரத்தை என் கூட்டாளி பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் பொருக்கு எல்லாம் உதிரும்வரை தம்பியை விட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் விட மாட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொருக்கைப் பார்ப்பாள். எல்லாம் உதிர்ந்துவிட்டன என்று டாக்டர் போனில் படம் பார்த்துச் சொன்ன அன்று, செல்வி குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். யாழினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் போனான். அவள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் எழுதிய கடிதத்தோடு நானே போனேன். டீச்சர் படித்துவிட்டு, "நீங்க சொன்னதாலதான் சார் தள்ளி வச்சேன்," என்றார். "ஆமாங்க டீச்சர். இப்பவும் நான்தான் சொல்றேன், சேத்து உக்கார வைங்க," என்றேன். பெரியம்மாவுக்கு மட்டும் மீன் விஷயத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. யாழினி சாப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பிறகு ஒருநாள் மறு பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் மறுபடியும் கை வைத்து அளந்தார். சிவப்பு, தடிப்பு, கீறல். முன்பு வந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பிறகு அதே பத்துக் கேள்வி. நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். "அப்பா இருக்கட்டும்," என்றாள் யாழினி.

அரிப்பா? "ரொம்ப. ராத்திரிதான்." வெட்கமா? யோசித்து, "கொஞ்சம்." யாராவது ஏதாவது சொல்கிறார்களா? "ஒரு பையன் சொல்றான். நானும் அவனைச் சொல்வேன்." மருந்து போடுவது தொந்தரவா? "ரொம்ப ரொம்ப! பிசுபிசுன்னு இருக்கு. பாவாடையெல்லாம் ஒட்டுது. அப்பா ரொம்ப நேரம் தேய்க்கிறாங்க."

டாக்டர் கூட்டிப் பார்த்துப் பதினொன்று என்றார். பூஜ்யத்திலிருந்து பதினொன்றா?

"போன தடவை பூஜ்யம் மேடம். கூடிருச்சே?"

"கூடல. இதுதான் இவளோட மொத மார்க்," என்றார் அவர். "இதைத்தான் இனிமே நாம கொறைக்கணும்."

திரும்பும்போது அறந்தாங்கி தாண்டி வண்டி வெயிலில் போய்க்கொண்டிருந்தது. யாழினி இருக்கையில் நெளிந்தாள். முதுகைச் சாய்மானத்தில் வைத்துத் தேய்த்தாள். நான் கவனித்தேன், கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"அப்பா, முதுகு அரிக்குது."

ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினேன். களிம்பை எடுத்து அவள் சட்டைக்குள் கைவிட்டுத் தடவினேன்.

"இன்னும் மேல," என்றாள். "இன்னும். அங்க இல்ல, இங்கிட்டு."